கருவேலமரத்துக் கீச்சான்

முதலில் அந்த மரத்தைச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில் ஓரிடத்தில் கிழக்கே ஒரு வண்டித்தடம் பிரிகிறது. அதில் முக்கால் கிலோமீட்டர் நடந்தால் கைவிடப்பட்ட ஒரு மோட்டார் கொட்டகை வரும். ஓடுகள் பாதி சரிந்துவிட்டன. கதவு இருந்த இடத்தில் ஊமத்தை வளர்ந்து நிற்கிறது. பின்சுவரை ஒட்டி ஒரு கருவேலமரம். அதில் கிழக்கே நீண்ட கிளையின் நுனியில் இலையே இல்லாத ஒரு முழம் உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அந்த ஒரு முழம் ஒரு பழுப்புக் கீச்சானுடைய இடம்.

மைனாவைவிடச் சற்றுச் சிறிய பறவை. உடம்புக்கு மீறிய தலை, கண்ணின் குறுக்கே விரலால் மை இழுத்தது போன்ற கறுப்புப் பட்டை, நுனியில் கொக்கியாக வளைந்த அலகு. வெட்டுக்கிளி கிடைத்தால் முள்ளில் குத்தி வைத்துக் கிழித்துத் தின்னும். சைபீரியா, மங்கோலியாப் பக்கங்களில் குஞ்சு பொரிக்கும் இனம் இது. குளிருக்குத் தெற்கே வரும்போது ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக் கத்திக் கத்திக் காத்துக்கொள்ளும். மறு ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்பும் பழக்கம் உண்டு. எங்கள் கீச்சானின் காலில் யாரும் வளையம் போடவில்லை. ஆகவே 2016-இல் வந்ததும் 2018-இல் வந்ததும் ஒரே பறவைதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதே மரம், அதே கிளை, அதே முழம்.

இந்தப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 2016 முதல் ஞாயிறுதோறும் காலை ஆறேகால் மணிக்கு இந்தத் தடத்தில் நடக்கிறோம். நாங்கள் என்றால் என் பெரியப்பா மகள், பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பள்ளிப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர். பைனாகுலர் இரண்டுதான். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கைமாறும். ஏழாவது ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டியவர், தடத்தின் ஓரத்தில் தென்னை ஏறிக் கள் இறக்கும் அண்ணன். அவர் எங்களோடு நடப்பதில்லை. மேலிருந்து பார்ப்பார்.

சித்தூர்த் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம், கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளும் கேரளத்தோடு சேராது. எருத்தேம்பதி, வடகரப்பதி என்று ஊர்ப் பெயர்கள். வீட்டிலும் கடையிலும் தமிழ். மண் பல இடங்களில் கரிசல். நிலக்கடலை, சோளம், தென்னை, வரப்புக்கு வரப்பு பனை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த வாசல். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறெங்கும் இல்லை. ஆடியில் அந்த வாசல் வழியே மேல்காற்று கிழக்கே ஓடும். கார்த்திகை பிறந்து மழை ஓய்ந்ததும் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து அடிக்கும். பனையோலை இரவெல்லாம் சலசலக்கும் அந்தக் காற்றுக்கு எங்கள் ஊர்க் குழந்தைகளின் உதடு வெடித்துவிடும்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்து ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மலையாள நாட்காட்டியில் அதே மாதங்கள் துலாம், விருச்சிகம். அந்த மாதங்களின் மழையான துலாவர்ஷம் பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு இறங்கும். விடியல் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருக்கும். பறவை பார்க்க எனக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. முன்னால் வந்தவை இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும், பின்னால் வருபவை இன்னும் வந்துகொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கும் அடுத்த ஞாயிற்றுக்கும் இடையில் வயல் மாறிவிடும். விருச்சிகம் ஒன்று கழிந்ததும் சபரிமலை வண்டிகள் சாலையை நிறைத்துவிடுவதால், இருட்டு விலகுவதற்குள் நாங்கள் தடத்தில் இறங்கிவிடுவோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பறவையை. வேலிப் புதருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போல 'டக்... டக்...' என்று ஒலி வரும். நின்று கேட்டால் பத்தடிக்கு ஒன்று. பிளித் நாணல் கதிர்க்குருவி. வெளிறிய பழுப்பு நிறம், அடையாளம் சொல்ல ஒன்றுமே இல்லாத தோற்றம், எடை ஏறக்குறைய பன்னிரண்டு கிராம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நடு ஆசியா வரை பரந்த நிலத்தில் கூடு கட்டும் குருவி, எங்கள் ஊர்க் கள்ளி வேலியில் ஆறு மாதம் குடியிருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் அது இருப்பது தெரியாது. அந்த ஒலியைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்கும். என் மாணவி ஒருத்தி, "டீச்சர், எங்கள் கொல்லைப்புறத்தில் மூன்று இருக்கிறது, ஒன்றையும் நான் பார்க்கவில்லை" என்று ஓடிவந்து சொன்ன நாளை நான் மறக்கவில்லை. பார்க்காமலே எண்ணத் தெரிந்துவிட்டது அவளுக்கு.

பெயர்களில் பிள்ளைகளுக்கு இரட்டைச் செல்வம். நாம் பனங்காடை என்பதை மலையாளத்தில் பனங்காக்கை என்கிறார்கள். நம் மாங்குயில் அங்கே மஞ்ஞக்கிளி. தவிட்டுக்குருவி அவர்களுக்குக் கரியிலக்கிளி, அதாவது சருகுக்கிளி. சருகைக் கிளறும்போது எழும் ஓசையைக் கேட்டவர்கள் வைத்த பெயர் அது. வாய்க்கால் மதகில் வந்து இறங்கும் சாம்பல் வாலாட்டி வழிகுலுக்கி ஆகிவிடுகிறது. வழியே குலுங்குகிறதா, வழியில் நின்று குலுக்குகிறதா என்று பிள்ளைகள் ஒரு ஞாயிறு முழுக்க வாதாடினார்கள். பாலக்காட்டுக் காவசேரியில் 1923-இல் பிறந்த கே.கே. நீலகண்டன், இந்துசூடன் என்ற பெயரில் எழுதியவர், 1958-இல் மலையாளத்தில் ஒரு பறவை நூல் தந்தார். மலையாளிகள் பறவையைத் தம் மொழியில் அழைத்துப் பார்க்கத் தொடங்கியதில் அந்த ஒரு மனிதரின் உழைப்பு பெரிது. பேராசிரியராக இருந்துகொண்டே செய்தார் என்பதை ஆசிரியையாக நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இனி என் நோட்டுப்புத்தகத்துக்கு வருகிறேன். கீச்சானை முதலில் கண்ட நாள் 2016-இல் அக்டோபர் 2. 2017-இல் செப்டம்பர் 24. 2018-இல் செப்டம்பர் 30. நான்காவது வரியில் ஓர் அடித்தல் இருக்கிறது.

2019 செப்டம்பர் 22, ஞாயிறு. விடியும்போதே தூறல். வீட்டில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. வாய்க்கால் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்; மோட்டார் கொட்டகைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பட்டியல் எழுதும்போது, கை தானாகவே 'பழுப்புக் கீச்சான் 1' என்று எழுதிவிட்டது. வந்திருக்கும் என்ற நம்பிக்கைதான். இத்தனை ஆண்டும் வந்ததே, எங்கே போய்விடப்போகிறது.

அடுத்த ஞாயிறு காலை கள் இறக்கும் அண்ணன் தென்னையிலிருந்து இறங்கி, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "டீச்சரே, உங்கள் குருவி நேற்றைக்குத்தான் வந்தது." காலையும் மாலையும் அந்த மரத்தைத் தலைக்கு மேலிருந்து பார்க்கிற மனிதர். பாளை சீவும்போது கண்ணுக்கு நேரே படுவது அந்தக் கிளை. முந்தின மாலை வரை அது காலியாக இருந்தது என்று அவருக்குத் தெரியும். நான் ஒரு வாரம் முன்பே அதை வரவழைத்திருந்தேன்.

அந்த வரியை அடித்துவிட்டு 28 என்று எழுதினேன். கண்டவர் என்ற இடத்தில் அவரைக் குறித்தேன். சின்ன விஷயம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பறவை வரும் நாளைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அது வராத நாளிலும் போய் நிற்பதுதான். நிற்காமலே எழுதியவள் அந்தப் பறவையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. தன் ஆசையை எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகு எங்கள் நோட்டில் 'இல்லை' என்றொரு பத்தி வந்தது. போய்ப் பார்த்தோம், பத்து நிமிடம் நின்றோம், இல்லை. அப்படிப் போட்டுக் கையெழுத்து.

உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் தம் பட்டியலை ஏற்றும் ஈபேர்ட் தளம் 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்திலிருந்து தொடங்கியது. பட்டியலை முடிக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்துவிட்டீர்களா? ஆம் என்று சொன்னால், சேராத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்று ஆகிறது. இத்தனை ஆயிரம் பட்டியல்களிலிருந்து ஒரு பறவை குறைகிறதா பெருகுகிறதா என்று சொல்ல முடிவது இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னவர்களால்தான். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாக நடந்து ஒரு பறவை வரைபடம் தயாரித்தார்கள். 361 இனங்கள் பதிவாயின. மழைக்காலம் ஒரு முறை, ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு முறை என்று இரு பருவம். பறவைகள் நிலைத்திருக்கும் காலம் அவை. எங்கள் ஐப்பசியும் கார்த்திகையும் அந்தக் கணக்கில் வரவில்லை. அந்த இடைவெளியை யார் நடப்பது? ஊரில் இருப்பவர்கள்தான் நடக்க வேண்டும்.

இடைவெளியில்தான் எவ்வளவு நடக்கிறது! 2022 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, பள்ளி வராந்தாவில் தண்ணீர்ப்பானைக்குப் பின்னால் ஏதோ அசைகிறது என்று பிள்ளைகள் கூட்டி வந்தார்கள். ஆறுமணிக்குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிருக்குத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. இரவில்தான் பயணம். விளக்கு வெளிச்சத்தில் திகைத்தோ, களைத்தோ, சுவரில் மோதியோ வீடுகளுக்குள் விழுந்து கிடப்பது இந்த மாதங்களில் வழக்கம். இதற்கு முன் மாலையிலும் விடியலிலும் தோப்புக்குள் இரண்டு சொல்லாக விசில் அடிப்பதைக் கேட்டிருக்கிறேனே தவிர, ஒரு கைத்தொலைவில் பார்த்ததில்லை.

முதுகு பாசிப்பச்சை. மடித்த இறக்கையின் தோளில் காசளவு ஒரு நீலம். தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்த நீலம் ஒளி மாறும். மார்பு சந்தனக் குழம்பு நிறம். வயிற்றின் அடியில் குங்குமம் கொட்டியது போல் சிவப்பு. கண் வழியே கறுப்புப் பட்டை, அதன் மேல் வெள்ளைப் புருவம். வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. வெளிர் ரோஜா நிறக் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருந்த முப்பது பிள்ளைகளும் மூச்சு விடவில்லை. சாக்பீஸ் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, ஆளில்லாத அறையில் இருட்டில் விட்டோம். தண்ணீரோ சோறோ வாயில் ஊட்டக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மாலை ஐந்தரைக்குப் பள்ளிக்குப் பின்னால் உள்ள மாந்தோப்பில் பெட்டியைச் சாய்த்தேன். இரண்டு தத்தல். சருகுக்குள் நின்று எங்களைப் பார்த்தது. பிறகு தாழப் பறந்து தோப்புக்குள் போய்விட்டது. ஆறு மணிக்குச் சற்று முன்பு உள்ளேயிருந்து விசில் கேட்டது. அதே பறவைதானா என்று தெரியாது. அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் அதற்குப் பிறகு கவண் எடுத்து நான் பார்க்கவில்லை.

பனையைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் நடையைச் சொல்ல முடியாது. பனை உழவாரன் என்ற சிறு பறவை இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் குழைத்து, தொங்கும் பனையோலையின் அடிமடிப்பில் ஒட்டிக் கூடு செய்கிறது. காற்றில் ஓலை ஆடும்போது கூடும் முட்டையும் சேர்ந்து ஆடும். பனங்காடை மொட்டைப் பனையின் உச்சிப் பொந்தில் குடியிருக்கும். தூக்கணாங்குருவி ஓலை நுனியில் கூடு தொங்கவிடும். தடத்தின் நடுவில் முப்பத்தேழு பனை வரிசையாக நின்றன. எண்ணிக்கை எனக்கு மனப்பாடம், ஏனென்றால் பிள்ளைகளுக்கு அங்கேதான் எண்ணக் கற்றுக்கொடுப்பேன். 2021-இல் நிலம் கைமாறியது. ஒரு வாரத்தில் அத்தனையும் வெட்டப்பட்டு லாரியில் போயின. செங்கல் சூளைக்கு என்றார்கள். யாரிடம் கேட்பது? அவரவர் நிலம், அவரவர் மரம். அதற்கு முன்பு அந்த இடத்தில் ஒரு நடைக்கு இருபது முப்பது உழவாரன்களை எழுதியிருக்கிறேன். இப்போது மேலே கடந்து போகும் இரண்டு மூன்று. சில ஞாயிறுகளில் 'இல்லை'. பனங்காடை ஜோடி ஒரு மாதம் வரை மின்கம்பத்தில் உட்கார்ந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. அந்தப் பத்தியை நிரப்பும்போது மட்டும் என் கை கனத்தது.

தண்ணீர் வந்தால் தடத்தின் தெற்குப் பாதி வேறு உலகம். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் ஆளியாற்றிலிருந்து சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும். வரும் ஆண்டும் உண்டு, பேச்சுவார்த்தை நடக்கும் ஆண்டும் உண்டு. வந்த ஆண்டு ஐப்பசியில் இரண்டாம் போக நெல்லுக்குச் சேற்றுழவு நடக்கும். டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்குக் கூட்டம், ஓரத்தில் நத்தைகுத்தி நாரைகள், உழுது ஆறிய வயலில் முதுகெல்லாம் புள்ளி தெளித்த பொறி உள்ளான்கள். மேலே மின்கம்பி தாங்காத அளவுக்குத் தகைவிலான்கள். மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் கிளம்பினால் நிமிர்ந்து பார்க்க வேண்டும்: பூனைப்பருந்து ஒன்று நெல்லின் மேல் தாழத் தாழ வந்துகொண்டிருக்கும். ஆள்காட்டி நமக்கு முன்பே பார்த்துக் கத்தியிருக்கும். தண்ணீர் வராத ஆண்டில் அதே வயலில் இரண்டு ஆள்காட்டிகளும் வெடிப்பும் மட்டும். பறவைக் கணக்கு நோட்டைப் பார்த்தே எந்த ஆண்டு தண்ணீர் வந்தது என்று நான் சொல்லிவிடுவேன்.

மயிலைப் பற்றி விவசாயிகள் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள், பறவை பார்க்கிறவள் என்பதால் நானே வளர்ப்பது போல. ஐப்பசியில் ஆண்மயில் தோகை உதிர்த்து மொட்டையாக நிற்கும். நாற்றங்காலில் இறங்குவதில் குறைவில்லை. சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆய்ந்தபோது மயில் அவர் பட்டியலில் இல்லை. அன்று இந்தச் சித்தூர் கொச்சி அரசின் பகுதி. வறண்ட நிலத்தை விரும்பும் மயில் இன்று கேரளமெங்கும் பரவுவதை, நிலம் வறண்டு வருவதன் அறிகுறியாக ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். விதைத்த கடலையைக் கிளறிய மயிலின் மேல் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. அது ஏன் இங்கே வந்தது என்பதையும் நாம் பேச வேண்டும்.

மாலை நடை எப்போதாவதுதான். சூறைக்குருவிக்காக மட்டும் கார்த்திகையில் இரண்டு மாலை போவோம். நடு ஆசியப் புல்வெளியில் கூடு கட்டி வெட்டுக்கிளி தின்று வளர்ந்த கூட்டம், வடகரப்பதிப் பக்கத்துச் சோளக்காட்டுக்கு வந்துசேரும். ஐந்தே முக்காலுக்கு மேற்கே ஒரு புகை போலத் தெரியும். நெருங்கியதும் இறக்கைச் சத்தம் மழை வருவது போலக் கேட்கும். மிச்சமிருக்கும் பனைகளில்தான் இறங்கும். இருட்டும் வரை ஓயாத பேச்சு. என் பெரியப்பா மகள் அந்த நேரம் யாரோடும் பேசமாட்டாள். பைனாகுலரையும் கேட்கமாட்டாள்.

இந்த ஆண்டு கீச்சான் இன்னும் வரவில்லை. செப்டம்பர் போனது, துலாம் போனது. தீபாவளி கழிந்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, 'இல்லை', 'இல்லை'. அண்ணனைக் கேட்டேன். "தினமும் பார்க்கிறேன், டீச்சரே. கிளை காலி" என்றார்.

போன ஞாயிறு எட்டு வயதுப் பெண் ஒருத்தி முதல்முறையாக எங்களோடு வந்தாள். மோட்டார் கொட்டகைக்கு முன்னால் நின்றோம். கீழ்க்காற்று தொடங்கிவிட்டது, கருவேலம் கொப்பு முழுதும் ஆடியது. அந்த ஒரு முழத்தில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது, பிளந்த வாலைக் காற்று இழுக்க இழுக்கச் சரிசெய்துகொண்டு. நோட்டை அவள் கையில் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆகும்வரை அவள் எழுதவில்லை. என் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மண்டியிட்டு, நோட்டை முழங்காலில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

கரிச்சான் 1. கீச்சான் இல்லை. மணி 7.40.

"அந்தப் பக்கத்துக் கிளையையும் ஒரு தடவை பார்த்துவிடட்டுமா, டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பைனாகுலருக்குக் கை நீட்டினாள்.